திரியை மிதித்தவள்

மலையடிவாரத்தில் அன்னத்தாய் ஓடிவந்து பட்டாசுத் திரியை மிதித்து அணைத்தாள்.

"ஏட்டி, எம்எல்ஏ வார நேரத்துல என்ன காரியம் பண்ணுதே?" என்று கத்தினார் கட்சிக்காரர் பால்துரை.

"வேட்டுப் போட்டீயன்னா ஒரு அணிலும் வெளிய வராதுண்ணே. பொறவு அவியளுக்கு உங்க கட்சிக் கொடியத்தான் காட்டணும்."

மலையில் மரம் வெட்டக்கூடாது என்று சட்டசபையில் பேசியவர் இந்த எம்எல்ஏதான். அணில்களுக்கென்று சரணாலயம் வந்ததும் அன்னத்தாயின் விறகுப் பிழைப்பு போயிற்று. சுற்றுலா வருகிறவர்களுக்கு மலையணில் காட்டும் வேலையாவது கிடைக்குமா என்றுதான் அவரை வரச்சொல்லி மனுக் கொடுத்திருந்தாள்.

எம்எல்ஏ வந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, மாலையோடு நின்றவர்களைக் கீழேயே இருக்கச் சொன்னார். அவளோடு நடந்துபோய்ப் பாறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. புளியமரக் கிளையில் ஒரு சாம்பல் நிற வால் அசைந்தது.

"பொறந்ததுலேர்ந்து ராஜபாளையந்தான். இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார் மெதுவாக. "வனத்துறையில சொல்லுதேன். இந்த வேலை உங்களுக்குத்தாம்மா."

இருபது வருஷம் விறகு சுமந்தவளின் பேச்சை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. அவள் கும்பிட்டாள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்தில் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாள். மதியம் சுற்றுலா வந்த ஆசிரியர்கள் இருவரை மலைக்குக் கூட்டிப்போனாள். அணில் வரவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் வீடு திரும்பினாள்.