சுவருக்குள் வைத்த பெட்டி

றஸாக் காக்காவுக்கு அறுபத்தொன்பது வயது. சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் இலெக்ட்ரீசியனாக இருந்தவர். மனைவி மௌத்தாகி ஆறு வருடம். கை நடுங்கும் வியாதி வந்த பிறகு சட்டைப் பொத்தான் போடவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். சைப்பிரசில் ஏழு வருடம் கிழவர்களைப் பார்த்தவள், அதற்கான பயிற்சியும் சான்றிதழும் உள்ளவள். பாண்டிருப்பிலிருந்து காலை ஏழு மணிக்குச் சாய்ந்தமருதுக்கு வந்து, பின்னேரம் ஐந்துக்குத் திரும்புவேன்.

அவர் இருப்பது வீட்டின் பின்னறையில். முன்பு அது சாமான் அறை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து இருப்பார், தாய் தகப்பன் பின்னுக்குப் போவார்கள். நான் என் மகளுக்கு எழுதும்போது, சாகும்வரை அந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி போடச் சொன்னேன். மகள் மூன்று மாதம் முகம் தரவில்லை. வரி இருக்கிறது. றஸாக் காக்கா தன் மகள் அம்ஹாவுக்கு எழுதியபோது, உறுதிப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு அந்த வரியைப் பற்றிக் கேட்டாராம். "புள்ளையிட்டயா நான் ஒறுதி எழுதி வாங்குற?" என்று இவர் சிரித்தாராம்.

அந்த வீட்டைக் கட்டும்போதே ஹோலின் பின்சுவரில் கொங்கிரீட்டால் ஒரு பெட்டி வார்த்து, அதற்குள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்டியிருந்தார். மரப்பெட்டி கடற்காற்றில் ஊதிவிடும் என்பது அவர் காரணம். அதற்குரிய அம்ப்ளிஃபயரைச் சுவரின் மறுபக்கத்தில், சாமான் அறையில், சின்னக் கதவுக்குள் வைத்தார். அதோடு கிரொஸ்ஓவர் என்று ஒரு பலகை. பாடுகிறவரின் குரலை அது ஹோலில் உள்ள இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும், மேளத்தின் அடியை இந்தப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டிக்கு எதிரே அவருடைய கதிரை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அதில் இருந்து பழைய ஹிந்திப் பாட்டுக் கேட்பார். வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் அந்த ஒரு மணித்தியாலம் அவருக்கு ஹோலில் இடம் இருந்தது.

போன மாரியில் பெட்டி இரைந்தது, கருகின மணம் வந்தது, நின்றுவிட்டது. கதிரை விறாந்தைக்குப் போனது. மருமகன் றிபாத் வாத்தியார், ஒரு நாள் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"மாமா, பாடாத பெட்டிக்கு அரைச் சுவர் என்னத்துக்கு? மேசன் ஜெமீல் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் வாறன் எண்டிரிக்கான். ஒடைச்சிட்டு டீவி வெக்க ஒரு அலுமாரி அடிப்பம்."

"பாடினா?"

"பாடினா இரிக்கட்டும்" என்று சிரித்தார். நடுங்கும் கையைப் பார்த்துத்தான் சிரித்தார்.

பெருநாளுக்கு ஏழு கிழமை இருந்தது. காலை பத்து மணி மாத்திரை உள்ளே போய் முக்கால் மணித்தியாலத்தில் அவர் கை அடங்கும். அடங்கினால் ஒரு மணித்தியாலம் தாங்கும். அந்த நேரத்தில்தான் நான் நகம் வெட்டுவேன், சவரம் செய்வேன். இனிப் பெட்டியைத் திருத்துகிற வேலை அந்த நேரத்தில் என்றேன். சவரம் பின்னேரத்துக்குப் போனது. இரண்டு முறை வெட்டுப்பட்டது.

முதலில் ஒரு டோர்ச் பற்றரியை ஸ்பீக்கர் வயரில் தொட்டார். சுவருக்குள் 'டப்' என்றது.

"ஆள் உசிரோட இரிக்கான் தங்கச்சி. போர்ட்தான் மௌத்து."

கழற்றிப் பார்த்தால் அம்ப்ளிஃபயர் பலகை பச்சை பூத்திருந்தது, உப்புக் காற்று. கிரொஸ்ஓவர் பலகையில் கம்பிச் சுருள் துருப்பிடித்துக் கையோடு வந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். கடைக்காரன் ஹஸன் பையைத் திறந்து பார்த்தான்.

"என்னக்கா, இது போர்ட்டா, கருவாடா?"

"கருவாடெண்டா ஆக்கித் திண்டிருப்பன். இதுக்குச் சரியான புதுசைத் தா மனே."

அம்ப்ளிஃபயரும் கிரொஸ்ஓவரும் ஒரே பலகையில் வந்தன. ஃபோனையும் வயர் இல்லாமல் தொடுக்கலாம் என்று ஹஸன் பெருமையாகச் சொன்னான். அது யாருக்கு உதவப்போகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

துவாயை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் அவர் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டின் கீழே என் கையைக் கொடுத்தேன். அவர் ஈயம் உருக்கி ஒட்டினார். ஒரு நாளைக்கு நாலு ஒட்டு. கை திரும்ப ஆடத் தொடங்கினால் நான் சூட்டு இரும்பை வாங்கி வைத்துவிடுவேன். "இன்னும் ஒண்டு" என்பார். "ஒண்டும் இல்ல, சோறு" என்பேன். பதினொரு நாள் எடுத்தது. கடைசியில் குரலையும் மேளத்தையும் பிரிக்கிற திருகைத் திருப்பி, எண்பதில் நிறுத்தி, என்னை ஹோலுக்கு அனுப்பிப் பாட்டைப் போடச் சொன்னார். மேளம் நெஞ்சில் அடித்தது. எனக்குப் பாட்டுப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நன்றாக இருந்தது.

இரண்டரைக்குப் பள்ளிக்கூடத்தால் வந்த றிபாத் வாசலிலேயே நின்றார். "மாமா, நீங்க ஆள்தான்!" என்று ஃபோனை எடுத்துத் தொடுத்தார். அவருடைய பாட்டு வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். நான் காக்காவுக்குச் சட்டை மாற்றி, விறாந்தையிலிருந்து கதிரையைத் தூக்கினேன். அம்ஹா குறுக்கே வந்தாள்.

"வாப்பா, ஹோலுக்க ஆக்கள் இரிக்காங்க. தேத்தண்ணி ஊத்துப்பட்டா உங்களுக்குத்தான் வெக்கம். உள்ள இரிங்க. அங்கயும் கேக்கும்தானே."

கேட்டது. பின்னறைக்கு வந்தது மேளத்தின் அடி மட்டும், சொல் ஒன்றும் இல்லை. அவர் பிரித்துக் கொடுத்தபடியே வந்தது. மேசையில் மாத்திரைக் குப்பி நடந்து விளிம்புக்குப் போனது. கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன். பத்தடி அறை, பெரிய வித்தியாசமில்லை.

அடுத்த வெள்ளி, பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அவர் எழும்பி சின்னக் கதவைத் திறந்து ஒரு வயரைப் பிடுங்கினார். நடுங்கும் கைக்கு அது சுலபமான வேலை.

"காக்கா, என்ன செய்யிறீங்க?"

"பொறுங்க."

ஐந்து நிமிடத்தில் றிபாத் வந்தார். "மாமா, நிண்டுட்டு. கொஞ்சம் வந்து பாருங்க." நான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். அவரே கதிரை கொண்டுவந்து போட்டார். காக்கா பெட்டியில் காதை வைத்தார், தட்டினார், கூட்டாளிகளுக்கு அது வார்த்த கதையைச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, உள்ள அந்த நீல வயரைக் கொஞ்சம் அமத்துங்க" என்றார். நான் போய்க் கொளுவினேன். அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு பாட்டு முழுதாகக் கேட்டுவிட்டு வந்து படுத்தார்.

அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நான் தடுத்திருக்க வேண்டும். கதிரைக்காக என்று எனக்குத் தெரியும், அதனால் விட்டேன். நோயாளி சந்தோஷமாக இருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு.

அடுத்த வெள்ளி மூன்றாம் முறையாக வயரைப் பிடுங்கிவிட்டு, சட்டைக் கழுத்தைச் சரிசெய்து, கட்டில் விளிம்பில் இருந்தார். ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹோலில் பாட்டுக் கேட்டது, மெல்லிசாக, தகரச் சத்தமாக. போய்ப் பார்த்தேன். டீவிக்குக் கீழே நீளமான புது ஸ்பீக்கர் ஒன்று. ஜெமீல் சுவரில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"வெள்ளிக்கு வெள்ளி பழுதாப் போற சாமானை வெச்சி என்னக்கா செய்யிற?" என்றார் றிபாத். "மாமாவும் பாவம், எத்தின தரம் எழும்பி வாற?"

திரும்பி வந்து காக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். இதமாகச் சொல்வது என் பழக்கமில்லை.

"வயரைக் கொளுவுங்க" என்றார். கொளுவினேன். பலகையில் விளக்கு எரிந்தது. பெட்டிக்கு யாரும் எதையும் அனுப்பவில்லை.

"எப்ப ஒடைக்கிறானாம்?"

"திங்கக்கிழம பின்னேரம்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தேன். பத்தே முக்காலுக்குக் கை அடங்கியது. துவாயை மடித்து வைத்தேன். பலகையின் திருகாணிகளை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார், வயர்களை வெட்டினார். நான் பலகையைப் பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஸ்பீக்கரையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நல்ல நிலையில் இருந்த ஒரே சாமான் அதுதான்.

அதன் திருகாணிகள் ஹோல் பக்கம். ஹோலுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.