மீன் தின்னாத நாய்

நான் வைத்த பாரை மீன் தலையை அந்த நாய் ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியோரம் போய்ப் படுத்துவிட்டது. எங்கள் மன்னார்க் கீரிக் கரைக்கு வள்ளம் வந்தால் ஊர் நாய்களெல்லாம் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும். மீனை வேண்டாமென்ற நாயை நான் அங்கே கண்டதில்லை. அதுவும் என் கையால் வைத்த மீனை! மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அடுத்தவன் கரைவலையை இழுத்துக் கை தோலுரிந்து, பிறகு சொந்த வலையும் வள்ளமும் சேர்த்துச் சம்மாட்டி ஆனவன் நான். இன்று அந்தக் கரையில் பாதிப் பேர் என்னிடம் வேலை செய்து வளர்ந்தவர்கள். என் மீனை ஒதுக்கிய நாயை நான் முதல் நாளே நம்பவில்லை.

அதைக் கொண்டுவந்தவள் என் மச்சாள். மனைவியின் தங்கை, புருஷனைக் கடலில் இழந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். சண்டை முடிந்து சில காலத்தில், தெருவோரம் இருந்த ஆமி முகாமை எடுத்துக்கொண்டு போனார்கள். தகரமும் மணல் மூட்டையும் லொறியில் ஏறின, நாயை யாரும் ஏற்றவில்லை. வெறும் வாசலில் அது படுத்தே கிடந்தது. மச்சாள் கழுத்தில் கயிற்றைப் போட்டு நடத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆமி வளர்த்த நாய் எங்களுக்கு என்னத்துக்கு?" என்றேன்.

"உங்கட வாடியில கருவாடு காயுது. காவலுக்கு நிக்கட்டும், அத்தான்."

என் கருவாட்டைப் பற்றி அதுவரை ஒரு நாளும் கவலைப்படாதவள். அதனால் அவள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

கடலைப் புரட்டும் கச்சான் காற்றிலேயே வள்ளம் ஓட்டினவனுக்கு ஒரு நாயைப் பழக்குவது பெரிய வேலையா என்றுதான் தொடங்கினேன். "இஞ்ச வா" என்றால் காதுகூட அசையாது. துடுப்புச் சவளை ஓங்கினால் ஓடாது. நின்ற இடத்திலேயே நின்று என் முகத்தையே பார்க்கும். சாரம் கட்டியவன் வந்தால் உறுமும், ஆமிக்காரன்போல் களிசான் போட்டவன் வந்தால் வாலாட்டும். வெள்ளை அங்கியோடு வந்த பங்குச் சுவாமியைக் கண்டு ஒருமுறை உறுமி, ஒருமுறை வாலாட்டி, குழம்பிப்போய் வள்ளத்தின் கீழே ஒளிந்துகொண்டது. என் வேலையாட்களுக்கு நல்ல பகிடி. "சம்மாட்டி, இது நாயில்லை, உங்களை விசாரிக்க விட்ட ஆள்" என்றார்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்: "நாளைக்கு ஐஸ் லொறியில ஏத்திப் பாலத்துக்கு அங்கால விடப்போறன்." மனைவி சரி என்றாள். மச்சாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வாடிக் கொட்டிலின் பின்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன்.

பனை நிழலில் அவள் ஒரு கோப்பையை வைத்தாள். சோறும் பருப்பும், முகாமில் பழகிய சாப்பாடு. "இந்தகண்ட" என்றாள் சிங்களத்தில். நான் ஓங்கிய சவளுக்குப் பணியாத நாய் அந்தச் சொல்லுக்கு உட்கார்ந்தது. பிறகு கோப்பையை நக்கித் துடைத்தது.

"சிங்களம் எங்க படிச்சனீ?"

அவள் திடுக்கிடவில்லை. "காம்ப் வாசல்ல, அத்தான். என்னைக் கண்டா அவங்கள் சொல்லுறது இதுதான். இருக்கச் சொல்லுவாங்கள். இருந்தனான்."

அவளுடைய ஒரே மகன் சண்டைக் காலத்தில் முகாம் இருந்த அந்தத் தெருவால் சைக்கிளில் மன்னார் டவுனுக்குப் போனவன், திரும்பவில்லை. முகாமில் கேட்டால் அப்படி ஒருவனைக் காணவேயில்லை என்றார்கள். அவள் விடாமல் போய் வாசலில் இருந்தாள். மகன் போன நாளிலேயே இந்த நாய் குட்டியாக அந்த வாசலில் இருந்தது, அங்கேதான் வளர்ந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது, அவள் அடுத்ததாகச் செய்தது. ஒரு பொலித்தீன் பையைப் பிரித்து மகன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சேட்டை எடுத்தாள். இத்தனை காலமும் தோய்க்காத சேட்டு. மண்ணில் விரித்தாள். நாய் முகர்ந்தது, சுற்றி வந்தது, தாடையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தீங்களோ? இதுக்கு அவனைத் தெரியும். அவன் அந்த வாசலால உள்ளுக்குப் போனவன்."

"நாய் எந்தத் துணியிலயும் படுக்கும், பிள்ளை" என்றேன்.

அதை அவளுக்குக் காட்டிவிடலாம் என்று முதலில் நானே தனியாகச் சோதித்தேன். என் பழைய சாரத்தை விரித்தேன். மனைவியின் சேலையை, கொடியில் காய்ந்த வேலையாட்களின் சேட்டுகளை விரித்தேன். நாய் ஒவ்வொன்றையும் தாண்டிப் போய் வெறும் மண்ணில் படுத்தது. யாரும் காணுமுன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டேன். உள்ளே வந்து, கேட்காமலே மச்சாளிடம் சொன்னேன்: "அது வெறும் துணிப் பழக்கம். மனசைப் போட்டு அலட்டாத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்கட சாரத்தில ஏன் படுக்கேல்ல, அத்தான்?"

அவள் எல்லாவற்றையும் கண்டிருக்கிறாள். மறுநாள் ஐஸ் லொறி நாயில்லாமல் போயிற்று.

அந்த முகாம் இருந்த காணியில் இப்போது ஆடு மேய்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் மச்சாள் நாயைக் கயிற்றில் பிடித்து அதற்குள் நடத்துவாள். நான் பின்னால் நடப்பேன். நாய் மண்ணில் மூக்கை வைத்தால் அவள் நிற்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு அது அப்பால் போய்விடும். இத்தனை வருடமும் அப்படித்தான் போயிற்று. நாய்க்கு வயதாகிவிட்டது, பின்னங்கால் இழுபடுகிறது. போன ஞாயிறு, காணியின் கடைசி மூலையில், ஒரு உடைமரத்தடியில் அது, அன்று சேட்டின்மேல் வைத்ததுபோலவே, தாடையை மண்ணில் வைத்துப் படுத்துவிட்டது.

"கிழட்டு நாய். களைச்சுப்போச்சு" என்றேன்.

மச்சாள் என்னை நம்பவில்லை. நானும் என்னை நம்பவில்லை. அவள் தன் செருப்புகளைக் கழற்றி அந்த இடத்தில் அடையாளமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள். நான் அந்தச் செருப்புகளைத் தொடாமல் பின்னால் நடந்தேன்.