தொட்டிலுக்குக் கட்டிய ஈரச் சாக்கு

லோபாக்கில் மாடி வீடு, சுங்கை காடுட்டில் பட்டறை, மூன்று லாரி. எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கியது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. ஆனால் நான் முதன்முதலில் கட்டியதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதே இல்லை. அப்போது எனக்கு ஏழு வயது.

வெள்ளைக்காரன் ஆட்சியில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களை முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆள் மறையக் கூடாதென்று சுற்றிலும் மரங்களை வெட்டிவிட்டதால், தகரக் கூரை தோசைக்கல் மாதிரிக் காயும். முந்தின வருஷ வெயிலில்தான் காய்ச்சல் கண்டு எங்கள் தம்பி போனான். கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் அடங்கிப்போனான்.

அன்று கைக்குழந்தை தங்கச்சிக்கும் காய்ச்சல். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் சேர்க்கவில்லை. பால்வெட்டுக்குப் போயே ஆகவேண்டிய அம்மா, என்னைக் காவல் வைத்தாள்.

“தொட்டில ஆட்டு. புள்ள மேல பச்சத்தண்ணி பட்டுச்சு, ஜன்னி வந்துரும். தெரியுதா?”

உச்சி வெயிலில் தங்கச்சி வீறிட்டாள். ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்தது. புள்ள மேல்தானே படக் கூடாது? அரிசிச் சாக்கு இரண்டைத் தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றினேன். வாசல் காற்று சாக்கில் பட்டுக் குளுகுளுவென்று வந்தது. தங்கச்சி இரண்டு தரம் விசும்பினாள், தூங்கிவிட்டாள். நான் துரை மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு கேட்டுக்கு எதிரே. வேலை முடிந்து வருகிறவர்களைத் தலை எண்ணித்தான் உள்ளே விடுவார்கள். அன்று ஒரு தலை குறைந்ததாம். தங்கச்சி வீறிட்டபோதிலிருந்தே எல்லாரையும் வெயிலில் நிறுத்தி மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காவல்காரன் “ஓய்! ஓய்!” என்று கத்தினான். பார்த்தால், வரிசையை உடைத்துக்கொண்டு அம்மா ஓடிவருகிறாள். வாளி எங்கோ உருள்கிறது. அவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். பெண்களெல்லாம், “அனாக், அனாக்!” என்று குழந்தையைச் சொல்லி அவனைக் கும்பிட்டார்கள்.

உள்ளே வந்தவள் என் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

“ஏண்டா சத்தமில்ல? அம்புட்டு நேரம் அழுதவ, ஏண்டா சத்தமில்ல?”

“தூங்குதும்மா.”

அழுகையை நிறுத்தத்தானே என்னை வைத்துவிட்டுப் போனாள்? நிறுத்தினதற்கு அடியா? அம்மா தங்கச்சியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஈரச் சாக்கைப் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பாவம், அவளுக்கும் வெக்கை என்று நினைத்தேன்.

தங்கச்சிக்கு இப்போது பேரன் பேத்தி. “எங்கம்மா வேண்டிக்கிட்டதுலதான் நான் பொழைச்சேன்லா” என்று கல்யாண வீட்டிலெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அம்மாவின் வேண்டுதலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த இரண்டு சாக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டினது நான்.