சீர்தட்டில் ஏறிய டைனோசர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சிலமலையில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்சை நிறுத்தி இறங்கி வீட்டுக்கு ஓடிய ஆள். அப்படிப்பட்டவனைத் தாய்மாமனாக நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு மாசமாகத் தூக்கமில்லை.

சீர் செய்வதைப் பற்றிக் கவலையில்லை. (இருந்தது... ஆனால் அது இரண்டாவது கவலை.) முதல் கவலை, என் மடி.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பெற்ற அப்பன் மடிகூடச் செல்லாது. பிள்ளை உட்கார மாட்டேன் என்று இறங்கி ஓடிவிட்டால் பிள்ளையை யாரும் குறை சொல்வதில்லை. 'மாமன்காரன் சரியில்லப்பா' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

தமிழினிக்கு ஐந்து வயசு. அவளுக்கு என் மடி ஆகவே ஆகாது. அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. போன வருஷம் குலசாமி கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டார்கள். 'மாமா மடியில உக்காருடா தங்கம், மிட்டாய் தர்றேன்' என்று நான்தான் கூப்பிட்டேன். நம்பி வந்து உட்கார்ந்தாள். மிட்டாய் வருவதற்கு முன்னால் கத்தி வந்துவிட்டது.

அன்றோடு சரி. போடியில் என் வீட்டுக்கு வருவாள். என்னைத் தாண்டி நேராக அலமாரிக்குப் போவாள். அங்கேதான் என் டைனோசர்கள் இருந்தன.

சிரிக்காதீர்கள். ஆமாம், டைனோசர் பொம்மைகள். என்னுடையவை. பிள்ளைகளுக்காக வாங்கியவை என்று விருந்தாளிகளிடம் சொல்வேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது விருந்தாளிகளுக்கும் தெரியும். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறிய காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. மலையில் எதற்குத்தான் பயமில்லை? யானை, காட்டுமாடு, பாம்பு, அட்டை, கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற லாரி... ஒருநாள் பூப்பாறையில் ஒரு கடையில் பச்சை ரப்பரில் நீளக் கழுத்து டைனோசர் தொங்கியது. வாங்கிவிட்டேன். தோட்டத்து மலையாளச் சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தாடோ, ஓந்தாணோ?" என்றார். ஓணானா என்று கேட்கிறார்!

ஏன் வாங்கினேன் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. இத்தனை பெரிய மிருகங்களில் நான் பயப்படத் தேவையில்லாதது இது ஒன்றுதான். இனிமேல் அது வரப்போவதில்லையே!

அதன் பிறகு சேர்ந்துகொண்டே போனது. சாவி கொடுத்தால் நாலடி நடந்து குப்புற விழுவது ஒன்று. சோப்புப் பாக்கெட்டோடு இலவசமாக வந்தது ஒன்று. இப்போது வந்தவற்றில் ஒன்றுக்குக் கண்ணில் லைட் எரியும், பேட்டரி போட்டால் கத்தும். இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் இறகு - கழுத்தை மட்டும் பார்த்தால் சேவல்தான். பழைய பொம்மைகளுக்கு வால் தரையில் கிடக்கும். புதியவற்றுக்கு வால் தூக்கி நிற்கும். ஆராய்ச்சி மாறிவிட்டதாம். செத்துப்போன பிறகும் ஒரு மிருகம் வாலைத் தூக்க முடிகிறதென்றால் நமக்கெல்லாம் நம்பிக்கை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பூப்பாறையில் வாங்கிய அந்தப் பச்சைக்கு மட்டும் வாலே இல்லை. ஜீப்புக் கதவில் மாட்டி அறுந்துவிட்டது.

சரி, காதுகுத்துக்கு வருகிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் தங்கச்சி கலா போன் செய்தாள். "அண்ணே, ஒம் மடின்னு சொன்னாலே புள்ள கட்டிலுக்கு அடியில போயிர்றா. எங்க சின்ன மாமனாரு வேற, பேசாம ராசிங்காபுரத்துப் பெரியம்மா மகன உக்கார வச்சிருவோம்ங்குறாரு. அதுவும் மாமன் மொறதானங்குறாரு."

சொந்தத் தாய்மாமன் நான் உயிரோடு நிற்க, என் இடத்தில் பெரியம்மா மகனா?

"போன அவகிட்ட குடு."

கொடுத்தாள்.

"தமிழு, மாமா மடியில உக்கார்றியா?"

"மாட்டேன்."

"டைனோசர் கொண்டாறேன்."

"எது?" என்றாள்.

"பச்ச டைனோசர்."

"எல்லாம் வரணும்."

"எல்லாமேவா?"

"எல்லாம். மண்டபத்துக்கு. வந்தா உக்கார்றேன்."

ஒப்புக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. ஏலக்காய்ச் சாக்கில் கட்டிக்கொண்டு போவது, மடியில் உட்காரும்வரை கண்ணில் காட்டுவது, காது குத்தியதும் மறுபடி கட்டிக்கொண்டு வந்துவிடுவது. நான் இப்போது ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் வேலை பார்ப்பதால் சாக்குக்குப் பஞ்சமில்லை.

இதற்கிடையில் என் இரண்டாவது கவலை தன் வேலையைக் காட்டியது. சீர் ஊர்வலத்துக்கு ஆள் வராமல் போய்விட்டால்? நாலு பேரோடு போய் நின்றால் கலாவுக்கு அசிங்கமில்லையா? அந்தப் பயத்தில் தெருவில் பார்த்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். நேரில் கூப்பிட்டவர்களைப் போனிலும் கூப்பிட்டேன். வாடகைக்குத் தட்டுகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள்!

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஆள் ஏற்றாத ஜீப்புகள் முழுக்க எங்கள் ஜனம். சிலமலையில் இறங்கி, மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் தட்டுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்கள். நான் மேளக்காரர்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்கப் போனேன். வந்துவிட்டார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால்...

பட்டுப்பாவாடைத் தட்டு. பழத்தட்டு. வளையல் தட்டு. அதற்குப் பின்னால், வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு, குங்குமப் பொட்டு வைத்த மூன்று கொம்பு டைனோசர்.

அதற்குப் பின்னால் இறகு டைனோசர். அதற்கும் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னொன்று. வரிசை வளைந்து மரத்தடி வரைக்கும் போனது. ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு டைனோசர்.

"என்னடி இது?" என்றேன் என் மனைவி ராணியிடம்.

"ஊரையே கூப்பிட்டு வந்தது யாரு? பொம்பளைக வெறுங்கையா நிக்கிறாக. தட்டும் மிச்சம் கெடக்கு. வேற என்னத்த வைக்க? உங்க தலையவா?"

"ராணி... சீர்தட்டுல வச்சது திரும்ப வீட்டுக்கு வராதேடி."

"ஆத்தீ! அத நெனைக்கலையே நான்."

இதுதான் விஷயம். சாக்கில் வந்தால் அது என் பொருள். தட்டில் ஏறி, பொட்டு வைத்து, மேளத்தோடு போனால் அது சீர். சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்த தாய்மாமன் என்று ஒருத்தன் இந்த வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை.

மேளம் ஆரம்பித்துவிட்டது. இன்னும் நேரமிருக்கிறது, வரிசை நகர்வதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று முதலில் பச்சை இருந்த தட்டுக்கு ஓடினேன். பச்சையின் கழுத்தில் கையையும் வைத்துவிட்டேன். தட்டை வைத்திருந்த எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, நேரா வைக்கணுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மண்டப வாசலைப் பார்த்தேன். கலாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தமிழினி நின்றாள். சேலைக்குப் பின்னால் இருந்த முகம் மெதுவாக வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது.

"ஆமாக்கா, நேரா வைக்கணும்," என்று சொல்லி, பச்சையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

ஊர்வலம் போனது. அதைச் சொல்லி முடியாது. தவிலும் நாதஸ்வரமும் முன்னால், பட்டுச்சேலைகள் பின்னால், நடுவில் டைனோசர்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வெளியே வந்தார்கள். டிராக்டரை நிறுத்திப் பார்த்தார்கள். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன.

வாசலில் கலாவின் சின்ன மாமனார் நின்றார். எனக்கும் மாமா முறை. பெரியம்மா மகனைச் சிபாரிசு செய்தவர் இவர்தான்.

"என்ன மாப்ளே... பட்டு, பழம், பல்லியா?"

"பல்லி இல்ல மாமா, டைனோசரு."

"என்ன எழவோ. சீருல வந்தது திரும்பாது, தெரியும்ல? சாயங்காலம் சாக்கோட வந்து நிக்கப்புடாது."

கூட்டம் சிரித்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டவில்லை.

"எல்லாம் புள்ளைக்குத்தான் மாமா. ஒண்ணுவிடாம!"

சொன்னது என் வாய்தான். எனக்கே ஆச்சரியம்.

உள்ளே தட்டுகளை மேடையில் இறக்கினார்கள். தமிழினி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு இத்தனை வருஷமாக வாயில் நுழையாத பெயர்கள் எல்லாம் அவளுக்குச் சாதாரணமாக வந்தன. மண்டபத்துப் பிள்ளைகள் மொத்தமும் மேடையைச் சூழ்ந்தார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க," என்று அறிவித்தாள். "அப்புறமா குடுத்துரணும்."

ஒருத்தன் மூன்று கொம்பில் ஒரு கொம்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி இறகைப் பிடுங்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. இருபது வருஷம் நான் தூசி தட்டிய உடம்புகள்! "மாமா, இது பாயசம் மாதிரி மணக்குது," என்று ஒரு பயல் என் மூக்குக்கே கொண்டுவந்து நீட்டினான். ஏலக்காய்ச் சாக்கின் மகிமை. முகர்ந்து பார்த்தேன். மணந்தது. அதற்குமேல் என்ன கோபப்பட?

தமிழினி தனக்கென்று பச்சையை எடுத்துக்கொண்டாள். கத்துவது, லைட் எரிவது எல்லாம் இருக்க அது ஏன் என்று கேட்டேன்.

"இதுக்கு வால வெட்டிட்டாங்க. ஆனா அழவே இல்ல பாரு," என்றாள்.

சொல்லிவிட்டு, வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

ராசிங்காபுரத்துக்காரர் முன் வரிசையில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராகத்தான் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. (பார்த்தேன். ஒரே ஒரு தடவை.)

ஆசாரி முதல் காதைக் குத்தினார்.

அவள் போட்ட சத்தத்தில் தவில் நின்றது. "வேணாம்! இந்தக் காது வேணாம்! மாமா விடு!" என்று துள்ளினாள். முழங்காலால் என் வயிற்றில் ஒரு உதை. ஆசாரி அடுத்த கம்பியோடு காத்திருந்தார். தலை ஆடினால் குத்த முடியாது. கலா அழுதாள். நானும் அழுகிற நிலைமைதான். கை தளர்ந்தது. இன்னொரு தடவை துள்ளினால் இறங்கி ஓடிவிடுவாள். ஒற்றைக் காதோடு விழா முடிந்துவிடும். பிறகு காலமெல்லாம் மாமா மடி என்றால் கத்தியும் கம்பியும்தான்.

அப்போது சின்ன மாமனார் கிட்டே வந்து குனிந்தார். கேலிக்குத்தான் வந்தார்.

"ஏம் பாப்பா, ஒன் பல்லிக்கு வாலுதான் இல்லைன்னு பாத்தா காதும் இல்லையே! இதுக்கு எங்கிட்டுக் குத்துறது?"

அழுகை சட்டென்று நின்றது.

"பல்லி இல்ல. காது இருக்கு!"

"எங்க? காட்டு பாப்போம்."

"வெளிய தெரியாது தாத்தா. கோழிக்குத் தெரியுதா?"

"கோழிக்கா?" அவர் நிஜமாகவே யோசித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஏப்பா, கோழிக்குக் காது இருக்கா?" என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேர் வீட்டிலும் கோழி வளர்க்கிறார்கள்.

"ஓட்ட மட்டும் இருக்கும்," என்றாள் தமிழினி. பச்சையை முகத்துக்கு நேராகத் தூக்கி, தலையை அசைக்காமல், விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தா... கண்ணுக்குப் பின்னாடி... இங்க..."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன்.

"...இங்கதான் ஓட்ட இருக்கும். அதுலதான் கேக்கும்," என்று அவள் முடிப்பதற்குள் இரண்டாவது காதும் முடிந்திருந்தது.

"ஸ்ஸ்..." என்றாள். அவ்வளவுதான். "முடிஞ்சிருச்சா மாமா?"

"முடிஞ்சிருச்சு ஆத்தா."

குலவைச் சத்தத்தில் மண்டபத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. தவில்காரர் யாரும் சொல்லாமலே ஒரு சுற்று பிரித்துக் கட்டினார். சின்ன மாமனார் என் தோளைத் தட்டி, "மாப்ளே, கெட்டிக்காரன்யா நீ," என்றார். காரியத்தை முடித்தது அவருடைய வாய்தான் என்று நானும் சொல்லவில்லை. ஜெயித்த நேரத்தில் கணக்குப் பார்ப்பார்களா?

பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. அதனால் சொல்கிறேன். 'பயப்படாதே' என்று சொன்னால் அது போகாது. இன்னும் நெருங்கி உட்காரும். அதைக் கவனிக்காமல் விட்டு, கைக்கு வேறு ஒரு சோலி கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அரை நாள் நான் கேஸ் சிலிண்டரை நினைக்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

பிறகு பந்தி ஆரம்பித்தது. கிடாய்க்கறி. மண்டபமே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. ஆங்காங்கே நாற்காலிகளில் டைனோசர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன, அவற்றுக்கும் இடம் பிடித்து வைத்த மாதிரி.

அழுத களைப்பில் தமிழினி மடியிலேயே தூங்கிவிட்டாள். பச்சை அவள் கைக்குள் இருந்தது. என் கால் மரத்துப்போய் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது.

ராணி கூடத்து வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுதான் கடைசிப் பந்தி. கறி தீரப் போகுது. வெரசா வாங்க!"

தீர்ந்தால் தீரட்டும். மடியில் ஆள் இருக்கிறது.