கடலுக்கு அடியிலும் வழி உண்டு

அந்தக் கதை பொய். அதைப் புனைந்தவன் நான்.

நேற்று நம் வாசகர் குழுவில் நித்யா பதிவிட்டாரே, ‘குள்ளர் வீடு’ என்ற கதை... அதைத்தான் சொல்கிறேன். பழனி மலையில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை என்று அவர் எழுதியிருந்தார். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். அதற்கு ஆயிரம் வயதாவது இருக்கும் என்று ஒருவர் வாதாடினார். இல்லை ஐயா, நாற்பது சொச்சம்தான்!

நானும் ஓர் இதயம் போட்டேன். அதை நினைத்துத்தான் இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

நாட்டார் கதையோ, மாயக்கதையோ, சமய நூலோ, இந்தக் குழுவில் எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் “யார் சொன்னது? எந்த ஊரில் கேட்டது?” என்று முதலில் வந்து நிற்கிறவன் நான்தான். உங்களில் சிலருக்கு என்மேல் எரிச்சல்கூட உண்டு. ஏன் அப்படிக் குடைந்தேன் தெரியுமா? பொய்யான சான்றை எவ்வளவு எளிதாக எழுதிவிடலாம் என்று எனக்குத் தெரியும். நான் எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் நூலகத்தில் எழுத்தராக இருந்தேன். இன்று உங்களோடு கைப்பேசியில் பேசுவதை அன்று நாங்கள் நான்கு பேர் ஒரு கோடு போட்ட நோட்டில் பேசினோம். ஒரு புத்தகமும் அந்த நோட்டும் ஒரு மஞ்சள் பைக்குள் சுற்றிவரும். நான் படித்து, தோன்றியதை எழுதி, கேரட் லாரியில் கொடுத்துவிடுவேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் மூட்டைகளுக்கு எண் போடும் சண்முகம் அண்ணன் அதை வாங்கிப் படிப்பார். அவர் பாச்சலூர்ப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுப்பார். அந்த நடத்துநர்தான் மூன்றாவது வாசகர். இருக்கையில் உட்காராமலே அத்தனை புத்தகங்களையும் படித்து முடித்த மகான்!

நான்காவது ஆள் பாக்கியம்.

அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தந்தை இல்லாமல், சித்தி குடும்பத்தோடு கப்பலேறி வந்தவள். பாச்சலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தாள். ஒருநாள் பேருந்தில் அந்தப் பையைப் பார்த்து, “அதுக்குள்ள புஸ்தகமாங்க இருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து நோட்டில் நான்காவது கையெழுத்து வந்தது. குண்டு குண்டாக, வரிக்கு மேலே ஏறிப்போகும் கையெழுத்து.

எங்கள் நோட்டுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவர் சண்முகம் அண்ணன். முன்பக்கங்களில் புத்தகத்தைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் பின்பக்கங்களில் அவரவர் காதால் கேட்ட கதையைத்தான் எழுத வேண்டும். கதையின் அடியில் ‘சொன்னவர்’ என்று போட்டு ஆளின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். “ஆள் பேர் இல்லாத கதை, எண் போடாத மூட்டைங்க. யார் வீட்டுக்குன்னு அனுப்ப?” என்று எழுதியிருந்தார்.

பாக்கியம் வந்த முதல் சுற்றிலேயே ரோதைமுனியின் கதையை எழுதினாள். தேயிலை ஆலையில் சுழலும் பெரிய சக்கரத்துக்குக் காவலான சாமி. அடுத்த சுற்றில் கொழுந்துச் செடியை வெட்டும் நாளில் கும்பிடும் கவ்வாத்துச் சாமி. புனிதர்களின் அற்புதங்கள் பற்றி ஒரு நூல் சுற்றில் வந்தபோது அவள் எழுதியதை என்னால் மறக்க முடியாது: “ஒங்க புனிதரும் எங்க முனியும் ஒரே சோலிதான் பாக்குறாங்க சார். ரெண்டு பேரும் ஏழைக்குத்தான் காவல் நிக்கிறாங்க.” நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

என் பின்பக்கங்களோ வெறுமையாகக் கிடந்தன. என் அப்பா உபதேசியார். எங்கள் வீட்டில் பேய் என்று வாயைத் திறந்தால் ஜெபம்தான் பதிலாக வரும். எனக்குக் கதை சொல்ல யாரும் இல்லை. சண்முகம் அண்ணன் நோட்டில் சீண்டினார்: “ஏலே ஞானமுத்து, நூலகம் பூராவும் ஒன் கையில. ஒரு கதைக்கு வக்கில்லையாக்கும்?”

விளையாட்டுக்குத்தான் எழுதினார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாக்கியமும் அதைப் படிப்பாளே!

அந்த வாரமே புனைந்தேன்.

மலையில் ஆங்காங்கே மூன்று கல்லை நிறுத்தி மேலே ஒரு பலகைக் கல்லை மூடிய பழங்காலச் சின்ன வீடுகள் உண்டல்லவா? குள்ளர் வீடு என்று சனங்கள் சொல்வார்கள். அதை எடுத்துக்கொண்டேன். அந்தக் குள்ளர்கள் இன்னும் மண்ணுக்கடியில் நடமாடுகிறார்கள் என்று எழுதினேன். தொலைவில் இருக்கும் ஒருவர் புழங்கிய பொருளை அந்தக் கல்வீட்டில் வைத்தால் எடுத்துப்போய் அவரிடம் சேர்ப்பார்கள். எட்டு நாளில் பொருள் போய்விட்டால் அவர் உயிரோடு இருக்கிறார், திரும்பி வருவார். அங்கேயே இருந்தால்... தேட வேண்டாம்.

முடிக்கும்போது, அழகாக இருக்கட்டுமே என்று ஒரு வரியைச் சேர்த்தேன். ‘கடலுக்கு அடியிலும் அவர்களுக்கு வழி உண்டு.’

அடியில் எழுதினேன்: ‘சொன்னவர்: தேன் எடுக்கும் மாரப்பன். வயது தெரியாது.’ மாரப்பன் என்று யாருமே இல்லை! அந்த ‘வயது தெரியாது’ என்ற இரண்டு சொல்லை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நோட்டு திரும்பி வந்தது. சண்முகம் அண்ணன் “சபாஷ்டா தம்பி” என்று எழுதியிருந்தார். நடத்துநர் கோடு போட்டுப் பாராட்டியிருந்தார். பாக்கியம் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்.

“சார், இது மெய்தானா? கடலுக்கு அடியிலயும் வழி இருக்குன்னு அந்தப் பெரியவர் தன் வாயால சொன்னாரா?”

ஏன் கேட்கிறாள் என்று நான் ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை. ‘ஆம், சொன்னார்’ என்று எழுதி லாரியில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நோட்டு வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். பள்ளி விடுமுறையில் பேருந்து பிடித்துப் பாச்சலூருக்கே போனேன். நோட்டைக் கேட்டுப் போனேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்...

அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் காப்பிப் பழம் உலர்த்திக்கொண்டிருந்தாள். கையெழுத்தைப் போலவே முகமும் வட்டம். நான் யாரென்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“நூலக சாருங்களா! நான் வயசான ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்.”

தேநீர் கொடுத்தாள். உள்ளே மூட்டை கட்டிக் கிடந்தது. சித்தி குடும்பம் நீலகிரிக்குப் போகிறதாம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை, வீடு எல்லாம் அமைந்திருக்கிறது. பாக்கியத்துக்கும் சேர்த்துத்தான்.

“நீங்களும் போறீங்களா?” என்று கேட்டேன்.

“அது தம்பி கையில இருக்குங்க.”

அப்போதுதான் எனக்கு அவளுடைய தம்பியைப் பற்றித் தெரிந்தது. பெயர் மணியம். ஊரைவிட்டுக் கிளம்பும்போது கப்பலேறுவதற்கான குடும்பத்துக் காகிதத்தில் அவன் பெயர் மட்டும் விடுபட்டிருந்ததாம். அடுத்த கப்பலில் அனுப்புகிறோம் என்றார்களாம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அங்கே கலவரம் என்று வானொலி சொன்ன பிறகு ஒன்றும் வரவில்லை.

“கெளம்புற அவசரத்துல அவன் சீப்பு என் மூட்டைக்குள்ள வந்துட்டுது சார். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி தலை சீவுவான். சீப்பு இல்லாம என்ன பாடு படுறானோன்னு கப்பல்ல அழுதேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “அதத்தான் மேல கல்லு வீட்டுல வச்சிருக்கேன். இன்னையோட ஆறு நாள். எட்டாம் நாளும் அங்கயே கெடந்தா, அவன் இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டுச் சித்தியோட போயிருவேன். போயிருச்சுன்னா இங்கயேதான் இருக்கணும். அவன்கிட்ட இந்த வெலாசந்தான இருக்கு?”

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கணத்தில், அந்த வாசலிலேயே! ‘மாரப்பன் என்று யாரும் இல்லை, பாக்கியம். மண்டிக்காரர் சீண்டினாரே என்று நானாக எழுதினேன்.’ அவ்வளவுதானே? காறித் துப்பியிருப்பாள். துடைத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

“வெரசா முடிவு தெரியட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. கால்கள் மேட்டுப் பாதையில் ஏறின. கல்வீட்டுக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு வாழையிலைத் துண்டின்மேல் சிவப்புச் சீப்பு. இரண்டு பல் உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு வெல்லக் கட்டி. குள்ளர்கள் கடல்வரை நடக்க வேண்டுமே, வழியில் பசிக்கும் அல்லவா... அதற்காக!

அந்த வெல்லத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சீப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். வெல்லத்தையும் எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? நாற்பது ஆண்டுகளாக மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன். நான் எழுதிய ஒரு வரி அவளுடைய தம்பியைக் கொன்றுவிடக் கூடாது என்று எடுத்தேன். இது நல்ல பதில். சீப்பு அங்கேயே கிடந்து, பிறகு ஒருநாள் தம்பி வந்து நின்றால் என் கதை பொய்த்து என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எடுத்தேன். இது கெட்ட பதில். மூன்றாவது... அவள் நீலகிரிக்குப் போய்விட்டால் நோட்டில் அந்தக் குண்டுக் கையெழுத்து வராது. அதற்காகவா எடுத்தேன்? இந்தப் பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன்.

அடுத்த சுற்றில் அவள் ஒரே வரி எழுதியிருந்தாள். “சீப்பு போயிருச்சு சார். தம்பி இருக்கான்.”

சித்தி குடும்பம் கிளம்பிப் போயிற்று. பாக்கியம் லயத்தில் தனியாக இருந்தாள். முன்பைவிட அதிகமாக எழுதினாள். தம்பி வந்தால் படிக்கட்டும் என்று சில கதைகளை அவனுக்காகவே எழுதினாள். நான் அவற்றைப் படித்துப் பாராட்டினேன்! அவளைப் பெண் கேட்டுப் போக நினைத்த நாள்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் மேசை இழுப்பறையைத் திறந்து சீப்பைப் பார்ப்பேன். மூடிவிடுவேன். அதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

சண்முகம் அண்ணன் இறந்தபின் நோட்டின் சுற்று நின்றுபோனது. எனக்கும் மதுரையில் வேறு வேலை கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஓடி வந்து பேசினாள். “நேரம் எடுக்குதுங்க சார். அம்புட்டுத் தூரம் இல்லையா?” என்றாள். நரைத்திருந்தாள். நான் தலையாட்டினேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

அவள் இறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒளிக்காமல் சொல்வதென்றால், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று நித்யாவின் பதிவு வந்தது. கதையின் ஒரு சொல்கூட மாறவில்லை. கடலுக்கு அடியில் வழி, எட்டு நாள், எல்லாம் அப்படியே. நான் இந்தக் குழுவில் ஓயாமல் கேட்டுக் கேட்டுப் பழக்கிய வழக்கப்படி நித்யா அடியில் ஒழுங்காக எழுதியிருந்தார்: ‘சொன்னவர்: பாக்கியம். பாச்சலூர்ப் பக்கம்.’

ஆளில்லாத என் கதைக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் நோட்டின் சட்டப்படி அது இனி உண்மையான கதை!

நித்யா, நீங்கள் அடுத்த வாரமும் பாச்சலூருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபின் அவளிடம் என்ன சொல்வீர்கள்? சொல்லிவிடுங்கள் என்று எழுதத் துணிவில்லை. சொல்லாதீர்கள் என்று கேட்க உரிமையில்லை. என் பொய்யின் பாரத்தை மறுபடியும் ஒரு பேருந்தில் ஏற்றி அனுப்புகிறேன், அவ்வளவுதான். இந்த வயதிலும் நான் மாறவில்லை.

உங்கள் பதிவின் கடைசியில் அவள் விளையாட்டாகச் சொன்னதாக ஒன்றை எழுதியிருந்தீர்கள். எல்லோரும் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

“சீப்புதான் கையில கெடச்சிருச்சே! இன்னும் தலை சீவி முடியலையாக்கும் அவனுக்கு. சீவட்டும், சீவட்டும். வெள்ளனே வந்து என்ன செய்யப் போறான்?”

அவன் சீவவில்லை, பாக்கியம். சீப்பு என்னிடம்தான் இருக்கிறது.