சும்மா போற சூடு

கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் புகைக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி நின்று கையை நீட்டிப் பார்ப்பேன். வயதுக்குத் தகுந்த காரியமா இது என்று மருமகள் முணுமுணுப்பாள். எவ்வளவு சூடு வீணாகிறது தெரியுமா என்று கேட்டால் அதற்கும் சண்டை வரும். கேட்பதில்லை.

எழுபதுகளில் செல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள் ஓடின. பாதி நாள் மின்வெட்டு என்பதால் அப்பா ஒரு டீசல் இன்ஜின் வாங்கிப் போட்டிருந்தார். தறிக் கொட்டகையை ஒட்டி நூலுக்குச் சாயம் போடும் இடம். அங்கே அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சுவது அத்தையின் வேலை. அவர் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கணவர் இறந்தபின் எங்களோடு வந்துவிட்டவர். புகையில் அவருடைய கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும்.

அம்மா யார் யாருக்கு எத்தனை இட்லி வைக்கிறாள் என்று எண்ணுவது அப்போதே என் வழக்கம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆறாறு. அத்தைக்கு ஐந்து. "அடுப்புல வெந்து வாரவளுக்கு வேணும்ல மதினி" என்று சிரித்தபடி கேட்டு வாங்கிக்கொள்வார்.

இன்ஜினைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. ஒருநாள் என் கையைப் பிடித்துப் புகைக்குழாய்ப் பக்கம் நீட்டினார்.

"எம்புட்டுச் சூடு பாத்தியாடா? அம்புட்டும் சும்மா போகுது. அங்க எங்கக்கா விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு இருக்கு."

பழைய எண்ணெய் டிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் மெல்லிய குழாயைச் சுருளாக வளைத்து அதற்குள் விட்டு, இன்ஜின் புகையை அந்த வழியே போகவைத்தார். புகை தாராளமாக வெளியேற முடியாமல் இன்ஜின் திணறிக் கரும்புகை கக்கியது. தறிகள் தள்ளாடின.

"இன்ஜினுக்கு மூச்சு முட்டுதுடா, கழட்டித் தொலை!" என்று அப்பா கத்தினார்.

சித்தப்பா கழற்றிவிட்டு, அகலமான குழாய் ஒன்றை டிரம்முக்குள் நேராகச் செலுத்தி வெல்டிங் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பினார். இந்த முறை இன்ஜின் முனகவில்லை. மதியத்துக்குள் தண்ணீர் கைவைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் சாயத்துக்கு அதுவே போதும்.

"யக்கா, தொட்டுப் பாரு!"

அத்தை விரலை விட்டு, வெடுக்கென்று இழுத்து ஊதிக்கொண்டார். "அடப் பொல்லாத பயலே! அப்ப அடுப்பு?"

"அடுப்பு எதுக்கு? இனி நீ சும்மா இருக்கலாம்க்கா."

"சும்மாவா?" என்றார் அத்தை.

அப்பா விறகு வாங்குவதை நிறுத்தினார். அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தில் நூல் மூட்டைகளை அடுக்கச் சொன்னார். அத்தையின் கண்கள் சிவப்பு மாறித் தெளிந்தன. ஆனால் ஐந்து இட்லி மூன்றாயிற்று, பிறகு இரண்டு. அம்மா வற்புறுத்தினால், "சும்மா இருக்கவளுக்கு என்ன பசி மதினி" என்பார். நெருப்புச் சூடு பட்டால்தான் பசி எடுக்கும் போலிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் அத்தை துணிகளை மூட்டை கட்டினார். பழங்காநத்தத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை, அங்கேயே தங்க வேண்டும். அப்பா குனிந்துகொண்டு நூலைப் பார்த்தார். சித்தப்பாதான் வாசலை மறித்தார்.

"உன் கண்ணுக்காகத்தானக்கா செஞ்சேன்!"

"தெரியும்டா. கண்ணு இப்ப நல்லாத் தெரியுது. அதான் போறேன்."

சின்ன மூட்டைதான், சீக்கிரம் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வரவே இல்லை.

மறுநாள் சித்தப்பா ஒரே இட்லியோடு எழுந்துவிட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டிரம் தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. பகலெல்லாம் அந்தச் சூட்டிலேயே நிற்கிற மனிதருக்கு ஏன் பசிக்கவில்லை என்பது மட்டும் என் கணக்குக்குப் பிடிபடவில்லை.