பங்குக் கிணற்றில் கறண்ட்

கோப்பாய்க் கதிரவேலுவை நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. புது வீட்டுக்கு லைற் பூட்ட, கலியாண வீட்டுக்குச் சோடனை பல்ப் கட்ட எல்லாம் வேறு ஆட்கள். குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது, பிரிட்ஜில் கை வைக்கப் பயமாக இருக்கிறது என்றால்தான் அவருடைய நம்பரைத் தேடுவார்கள். மனிதர் வந்தவுடன் முதல் வேலையாக ஏசுவார். "ஏர்த் கம்பியை எங்கை புதைச்சனியள்? வருசத்திலை ஒரு நாளாவது அதிலை தண்ணி ஊத்தினியளோ?" பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். சித்திரை வெயிலில் இந்தச் சுண்ணாம்புக்கல் நிலம் காய்ந்தால், கசிகிற கறண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய ஏர்த் கம்பி அங்கே நின்றும் பிரயோசனமில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன சித்திரையில் புத்தூரிலிருந்து தயாளினி கூப்பிட்டாள். புருஷனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. அவளும் சின்ன மகள் நிவேதனாவும் தனியே இருந்தார்கள். கிணற்றடிக் குழாயைத் திறக்கப்போன பிள்ளையைக் கறண்ட் தூக்கி எறிந்திருந்தது.

"மெயினை நிப்பாட்டு, பிள்ளை" என்றார் கதிரவேலு. தயாளினி நிறுத்தினாள். அவர் குழாயில் கறண்ட் பார்க்கும் ரெஸ்ரரை வைத்தார். அதன் சின்னப் பல்ப் எரிந்தது. வீட்டில் கறண்டே இல்லை, குழாயில் எப்படி வந்தது? அப்போதுதான் கிணற்றடியில் ஒரு மோட்டர் இரைவது காதில் விழுந்தது.

"உது ஆற்றை மோட்டர்?"

தயாளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக்காரற்றை."

பக்கத்து வீட்டுக்காரராம்! அந்தப் பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் வேறு யாருமில்லை, அவளுடைய புருஷனின் கூடப்பிறந்த தமையன். தகப்பன் விட்டுப்போன பங்குக் கிணறு அது. ஆளுக்குப் பாதி, ஆளுக்கொரு மோட்டர். காணி எல்லை வழக்குத் தொடங்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. ஒரு வீட்டின் பெயரை மற்ற வீட்டில் எடுத்தாலே சட்டி பானை பறக்கும். கிணற்றுக்குள் இறங்கிய இரண்டு இரும்புப் பைப்புகள் மட்டும் ஒரே இரும்புப் பட்டியில் அண்ணன் தம்பியாக ஒட்டிக்கொண்டு நின்றன.

செல்வநாயகத்தின் மோட்டரில்தான் கசிவு. அதன் ஏர்த் வயர் அறுந்து தொங்கியது. ட்றிப் சுவிச் இருந்திருந்தால் உடனே விழுந்து கறண்டை நிறுத்தியிருக்கும். அது அடிக்கடி விழுந்து வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் தடைப்படுகிறதென்று, அதை விலக்கி நேரே வயரைக் கொடுத்திருப்பார். ஊரில் பாதிப்பேர் செய்கிற கோதாரி வேலை அது. கசிந்த கறண்ட் பைப் வழியாகத் தயாளினி வீட்டுக்கு வந்து, அவளுடைய காய்ந்த ஏர்த்தில் அரைகுறையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கதிரவேலு போய்ச் செல்வநாயகத்தின் வாசல் படலையடியில் நின்றார். "அண்ணை, உங்கடை மோட்டரை ஒருக்காப் பாக்க விடுங்கோ."

"அவள் அனுப்பினவளோ? கோட்டிலை சொல்லச் சாட்சி பிடிக்கிறாளோ? என்ரை சாமானிலை கை வைச்சியெண்டால் பொலிசுக்குப் போவன்!"

திரும்பி வந்து கிணற்றடியில் இரண்டு மனமாக நின்றார். பைப்பைப் பிரித்துவிட்டால் பிள்ளை தப்பும். ஆனால் இதுவரை இந்தப் பக்கம் இறங்கிய கறண்ட் முழுக்க அந்த மோட்டரின் உடம்பிலேயே நிற்கும். ஓடும்போது தொட்டவன் கதை முடிந்தது. பிரிக்காமல் விடவும் முடியாது. வழக்கு முடியும்வரை இவர்கள் குளிக்காமல் இருப்பார்களா? நிவேதனா கையைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டு குழாயையே பார்த்தபடி நின்றாள். அதைக் கண்ட பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. தயாளினியின் இரும்புப் பைப்பைக் கழற்றி, பிளாஸ்ரிக் பைப்பைப் போட்டார்.

போட்ட கையோடு மறுபடியும் அந்தப் படலைக்கு ஓடினார். செல்வநாயகம் தோட்டத்துக்குப் போய்விட்டார். மனைவி கனகாம்பிகைதான் நின்றாள்.

"அக்கா, பைப்பைப் பிரிச்சுப்போட்டன். இனி உங்கடை மோட்டர் ஓடேக்கை ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டா உயிர் போகும். அண்ணையிட்டைக் கட்டாயம் சொல்லுங்கோ. என்னிலை கோவமெண்டா வேறை ஆளையாவது கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கோ."

"ஓம் தம்பி, சொல்லுறன்" என்று அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் வீட்டுக்குப் போனார். வேறு என்ன செய்வது? அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து மெயினை நிறுத்தவா முடியும்?

மறுநாள் காலையே செய்தி வந்துவிட்டது. மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லையென்று, ஓட ஓடக் கை வைத்திருக்கிறார் செல்வநாயகம்.

செத்த வீட்டுக்குப் போகக் கதிரவேலுவுக்குக் கால் கூசியது. போகாமல் இருக்கவும் மனம் விடவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் தயாளினி ஓடிவந்து, "நீங்கள் வராட்டில் என்ரை பிள்ளையெல்லோ அண்ணை போயிருக்கும்" என்று கையைப் பிடித்தாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த நன்றி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சொல்லியும் கேளாமல் தொட்டானே, பிடிவாதம் பிடித்த மனிசன் என்று செத்தவர் மீது கோபப்பட்டுத்தான் காலையிலிருந்து தன் மனதை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கனகாம்பிகை அவரைக் கண்டதும் தலையிலடித்துக்கொண்டு கதறினாள்.

"அவங்கடை வீட்டுக் கதையை எடுத்தா அவர் சாப்பாட்டிலையிருந்து எழும்பிப் போயிடுவார், தம்பி. நேற்று வாய் வரைக்கும் வந்தது. மனிசன் நிம்மதியாச் சாப்பிடட்டும், விடியச் சொல்லுவம் எண்டு இருந்திட்டன். நான் எழும்ப முன்னம் கிணத்தடிக்குப் போயிட்டார்."